சனமாக நிற்க ஆள் தேவை

எங்கள் தொழிலுக்கு இன்னும் ஒருவரும் பெயர் வைக்கவில்லை; "சனமாக நிற்கப் போறம்" என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்ளுவோம். வெளிநாடுகளில் சண்டை நடக்கிற இடங்களுக்குச் சமாதானம் காக்க என்று எங்கள் ஊர் முகாமிலிருந்து ஆமிக்காரரை அனுப்புகிறார்கள். அனுப்ப முன்னம், அங்கேயுள்ள சனத்தோடு எப்படி நடக்க வேண்டும், எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்று பழக்குகிறார்கள். பழக்குவதற்குச் சனம் வேண்டும். அந்தச் சனம் நாங்கள். காலை எட்டு மணிக்கு லொறி வரும். மத்தியானம் சோற்றுப் பார்சல் தருவார்கள். மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசல் படலையில் இறக்கிவிடுவார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் அரைவாசிப் பேராவது சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். ஆனபடியால் தொழிலை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீரிமலைச் சிவன் சாட்சியாக நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

வெளிநாடு மாதிரி

வெங்காயம் கிண்டி முடிந்து கை சும்மா இருந்த நேரம். ஆள் தேடி வந்தவர் ஒரு சார்ஜன். ஐம்பதைத் தொட்ட மனிதர், முன்தலை வழுக்கை, தமிழ் நன்றாகக் கதைப்பார். கோயில் மடத்தடியில் பொம்பிளையள் பத்துப் பன்னிரண்டு பேரையும் வயதுபோன ஆம்பிளையள் மூன்று நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தி, வேலை இன்னதென்று சொன்னார். பாரம் தூக்க வேண்டாம். வெயிலுக்குள் கிண்ட வேண்டாம். ஒரு ஊர்ச் சனம் மாதிரி அங்கும் இங்கும் நடந்து திரிந்தால் போதும்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பரமேஸ் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இராது. "ஏன் சேர், உங்கடை ஊர் வழிய சனம் முடிஞ்சு போச்சே, இவ்வளவு தூரம் வந்து எங்களைப் பிடிக்கிறியள்?" என்று கேட்டாள். சார்ஜன் கோபிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல ஆறுதலாகச் சொன்னார்: "அம்மா, எங்கட ஊர் ஆக்களை வைச்சுப் பழகினா அவங்க கதைக்கிறது எங்கட பொடியன்களுக்கு விளங்கும். விளங்கினா அது சரிவராது. உங்களை வைச்சாத்தான் வெளிநாடு மாதிரி இருக்கும்."

எங்கே படித்தீர்கள்?

முதல் நாள் எங்களுக்குச் சொல்லப்பட்ட வேலை, சொல்வழி கேளாத சனமாக இருப்பது. ஜீப் வந்ததும் நாலாபக்கமும் ஓட வேண்டும், கூச்சல் போட வேண்டும், கல் எறிந்தாலும் நல்லதாம். அதைப் பார்த்துப் புள்ளி போட வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து கதிரையில் இருந்தார். ஜீப் வந்தது. சொல்லாமலே ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் ஒரு பக்கம். எங்களோடு வந்த கிழவர் மயில்வாகனத்தார் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். சைக்கிளில் வரச் சொல்லப்பட்டவர் ஐம்பது யார் தூரத்திலேயே இறங்கி உருட்டத் தொடங்கினார். நான் சட்டைக்குள் கிடந்த பேர்ஸை எடுத்து, அடையாள அட்டையைப் படம் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கை தானாகப் போனது.

மூன்று தரம் திருப்பிச் செய்வித்தார்கள். மூன்று தரமும் வரிசைதான். நாலாம் தரம் பரமேஸ் துணிந்து கத்தினாள். கத்திக்கொண்டே வந்து வரிசையில் நின்றாள். வெள்ளைக்காரர் எழும்பிவந்து சார்ஜனிடம் ஏதோ கேட்டார். சார்ஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்: "இவ்வளவு ஒழுங்கான சனத்தை ஒரு நாட்டிலயும் காணேல்லையாம். உங்களுக்கு எங்க ட்ரெயினிங் தந்தது எண்டு கேக்கிறார்."

பரமேஸ் சொன்னாள்: "இஞ்சைதான் எண்டு சொல்லுங்கோ. முப்பது வருசக் கோர்ஸ்."

ஓம்

எங்களை ஆர் என்ன கேட்டாலும் வாயில் 'ஓம்' என்றுதான் வரும். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். துவக்கு வைத்திருக்கிறவர் கேட்டால் இரண்டு மூன்று ஓம். ஒருநாள் வீடு வீடாகச் சோதிக்கிற பழக்கம் நடந்தது. ஆமிக்காரர் வந்து ஏதோ கேட்க, நாங்கள் எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டு "ஓம், ஓம், ஓம்" என்றோம். அவர்கள் எங்கள் பனையோலைக் கடகங்களைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்லபடி முடிந்தது என்று நாங்கள் நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, வெள்ளைக்காரர் முகம் சிவந்து கத்தத் தொடங்கினார்.

ஒவ்வொரு ஆமிக்காரனின் சட்டைப் பையிலும் ஒரு அட்டை இருக்கும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் அதில்தான். வழிபாட்டில் இருக்கிற சனத்தைக் குழப்பக்கூடாது என்று அதில் ஒரு வரி. வெள்ளைக்காரர் எங்கேயோ யோகாசனம் படித்தவராம். கண்ணை மூடாத குறையாக ஓங்காரம் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்களை இடையில் மறித்துச் சோதித்தது பெரும் பிழை என்று அந்தப் பகுதி ஆமிக்காரர் முழுப்பேரையும் பெயில் ஆக்கிப்போட்டார். எங்கள் ஊரில் அது வெறும் 'சரி' என்கிற சொல் என்று சார்ஜன் எவ்வளவோ சொல்லியும் மனிதர் நம்பவில்லை. எனக்கும் அன்றிரவு சாமியறையில் நிற்கும்போது சந்தேகமாகத்தான் இருந்தது. துவக்கைக் கண்டு இத்தனை வருசம் சொன்ன ஓமெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்?

அடுத்த நாள் லொறியில் ஏற முன்னம் சார்ஜன் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்: "அம்மாமார், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், இண்டைக்கு மட்டும் கொழும்புத் தமிழ்ல 'ஆமா' எண்டு சொல்லுங்கோ."

அட்டை

அந்த அட்டையில் வேறு என்ன இருக்கிறதென்று எனக்கு அறிய ஆசை. தேத்தண்ணி நேரம் சார்ஜனைக் கேட்டேன். அவர் தன்னுடையதை எடுத்து, விரலை வைத்துத் தமிழில் சொன்னார். முதலில், நில் என்று அந்த ஊர்ப் பாஷையில் மூன்று தரம் உரத்துச் சொல்ல வேண்டும். பிறகு துவக்கைக் காட்ட வேண்டும். பிறகு வானத்துக்குச் சுட வேண்டும். அதற்கும் நிற்காமல் வந்தால், தன் உயிருக்கோ கூட நிற்பவர் உயிருக்கோ ஆபத்து என்று நம்பினால், சுடலாம். நான் கேட்டேன்: "காது கேளாத ஆள் எண்டால்?"

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் சின்னண்ணைக்கு நாலு வயதில் கடும் காய்ச்சல் வந்து இரண்டு காதும் போய்விட்டது. ஊரில் ஒருவரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பின்னால் போய்த் தோளில் தொடுவார்கள்; அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஒரு வெளிநாட்டுப் படை எங்கள் ஊருக்குச் சமாதானம் காக்க வந்திருந்த காலத்தில், சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலையைச் சாக்கால் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் குனிந்து போனவரை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தரம் சொன்னார்களாம். வானத்துக்கும் சுட்டார்களாம். பிறகு விசாரிக்க வந்த படைப் பெரியவர் எங்களைப் பெத்த ஐயாவுக்கு இப்படி ஒரு அட்டையைத்தான் எடுத்துக் காட்டினார். எல்லாம் அதன்படிதான் நடந்திருக்கிறது என்று சொன்னார். ஐயா அந்த அட்டையை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சார்ஜன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். "அம்மா, அது இதில இல்லை" என்றார்.

செத்துப் படுத்திருத்தல்

அன்றைக்குத்தான் இந்த வேலையை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் மன்றாட்டம் பெரிதல்ல. அந்த அட்டையில் காது கேளாதவருக்கு ஒரு வரி ஏற வேண்டும். ஏறாவிட்டால், ஒரே ஒருவனாவது சுடாமல் நின்று, இந்தச் சீவனுக்குக் காது கேட்காதோ என்று ஒருதரம் யோசிக்க வேண்டும். ஆகவே 'சொன்னால் நிற்காத ஆள்' என்ற பாகத்தை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். ஒருவரும் அதற்குப் போட்டி போடவில்லை. தலையில் கடகத்தோடு மணல் ரோட்டால் நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வெடிச் சத்தத்துக்கு நான் துள்ளி விழுந்ததைப் பார்த்துச் சார்ஜன், "செவிடு திடுக்கிடக்கூடாது அம்மா" என்றார். அதற்குப் பிறகு பஞ்சை உருட்டி இரண்டு காதுக்குள்ளும் அடைத்துக்கொண்டு போனேன்.

பஞ்சை வைத்தால் உலகம் தூரப் போய்விடும். என் மூச்சும் நான் சொல்லுகிற 'நமச்சிவாய'வும் மட்டும் கேட்கும். சின்னண்ணை இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடப்பேன். இப்போது ஒரு கை தோளில் படும், இப்போது படும் என்று ஒவ்வொரு அடியிலும் பார்ப்பேன். பட்டதில்லை. விசில் ஊதுவார்கள், சிவப்புக் கொடி தூக்குவார்கள், நான் செத்துப்போனேன் என்று கருத்து. உண்மையான குண்டில்லை, வெறும் சத்தம்தான். பயிற்சி முடியும் மட்டும் அப்படியே புல்லில் படுத்திருக்க வேண்டும். சுட்டவனுக்கு முழுப் புள்ளி. ஒவ்வொரு முறையும் எல்லாம் அட்டைப்படிதான்.

ஒரு நாள் நான் செத்துப் படுத்திருக்க, வெயிலுக்குள் நாலாம் தரம் வரிசையில் நின்றுவிட்டு வந்த பரமேஸ் என்னைக் குனிந்து பார்த்தாள். "எடி மங்கை, கெட்டிக்காரியடி நீ. உயிரோடை நிக்கிற எங்களுக்குத்தானடி இஞ்சை கஷ்டம்."

மகள் சொன்னது

என் மகள் கொக்குவிலில் கலியாணம் கட்டிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளுக்கு இந்த வேலை பெரிய வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, என் சீலையில் ஒட்டியிருந்த நாயுருவியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே பேசினாள். பேசுகிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மாமனை அவள் கண்டதில்லை, படம்தான் பார்த்திருக்கிறாள். ஆனபடியால் நான் ஏன் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற தன் தம்பிக்கும் எழுதிப்போட்டாளாம். பஸ் ஏறப் போகும்போது படலையில் நின்று சொன்னாள்: "செத்தவீட்டிலை அழுறதுக்குக் கூலிக்குப் போன ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறன் அம்மா. சாகிறதுக்குக் கூலிக்குப் போற ஆளை இப்பத்தான் காணுறன்."

நல்ல நடிப்பு

பயிற்சிக் கிராமம் என்று அவர்கள் சொல்லுவது, எங்கள் ஊரில் ஆமி பிடித்து எங்களுக்கு இன்னும் விடாமல் வைத்திருக்கிற பகுதி. கூரை போன வீடுகளுக்குத் தகரம் போட்டு, எங்களுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் சுவரில் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒரு வீடு ஆஸ்பத்திரி, ஒரு வீடு சந்தை. வேலிக்கு வெளியே நின்று எத்தனையோ வருசம் எட்டிப் பார்த்த இடத்துக்குள், வெளிநாட்டுச் சனம் என்றபடியால் எங்களை லொறியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அதிலே 'கிராமத் தலைவர் வீடு' என்பது பரமேஸுக்குச் சீதனமாக எழுதின வீடு. கிணற்றுக் கட்டில் அவளுடைய தகப்பன் சீமெந்து காய முன்னம் ஈர்க்கால் எழுதின 'ப' இன்னும் இருக்கிறது. வந்த முதல் வாரமே அவள் அதைக் கண்டுவிட்டாள். என்னைத் தவிர ஒருவருக்கும் காட்டவில்லை.

ஒருநாள் வீட்டுக்காரி சோதனைக்கு விடாமல் மறிக்கிற கட்டம். பரமேஸை விட்டார்கள். அவள் வாசற்படியில் காலை நீட்டி இருந்து, இரண்டு பக்கக் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டாள். "இது என்ரை வீடு. என்ரை அப்பு தன்ரை கையாலை கல்லரிஞ்சு கட்டின வீடு. ஒருத்தரும் உள்ளுக்கை வரப்படாது!" என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். ஆமிக்காரர் திகைத்துப் போனார்கள். அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். ஆபத்தில்லாத இடத்தில் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் போகக்கூடாது என்று இருந்ததாம். காலை அடித்து ஒரு சலூட் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விசில் ஊதியாகிவிட்டது, பரமேஸ் எழும்பவில்லை. நிலையைப் பிடித்த கையை விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன்.

சார்ஜன் தூரத்திலிருந்து கைதட்டிக்கொண்டு வந்தார்: "பரமேஸ் அம்மா, இப்பிடித்தான் நடிக்க வேணும்! மற்ற ஆக்களும் பாத்துப் பழகுங்கோ."

வருகிறோம்

பிழையாக ஆளைச் சுட்டுவிட்டால், பிறகு அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவும் பழக்குகிறார்கள். அந்த நாட்டுப் பாஷையில் சொல்ல வேண்டுமாம். எங்களோடு பழகுகிறபடியால் தமிழிலே ஒரு வசனம் பாடமாக்கி வரச் சொல்லியிருந்தது. நானும் பரமேஸும் செத்தவரின் வீட்டுப் பெண்களாகப் பாயில் இருந்தோம். ஐந்து பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவன் சமன் என்று ஒரு கோப்பிரல். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் இரண்டு பெண்பிள்ளைகளின் படத்தை அட்டையோடு சேர்த்து வைத்திருப்பான். பெயரைக் கேட்ட நாளிலிருந்து பரமேஸுக்குப் பகிடி: "சமனாமடி பேர். எதோடை எது சமனாம்?"

அவன் எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். சொல்ல வேண்டிய வசனம், "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்." எங்கள் வீட்டுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் வந்ததில்லை. முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாகிறது. பழகத்தான் சொல்லுகிறான் என்று தெரிந்தும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தேன். அவனுக்கு வியர்த்து ஒழுகியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான்: "உங்கள் இழப்புக்கு வருகிறோம்."

பரமேஸ் விடுவாளா? "ஓம் ராசா, வாங்கோ. எப்பவும் அதுக்குத்தானே வாறனீங்கள்."

சமன் கேட்டது

பரமேஸின் அந்தப் பகிடிக்குப் பிறகு சமன் எங்களைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவான். ஒருநாள் தேத்தண்ணி நேரம் சார்ஜனையும் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் குந்தியிருந்தான். இந்த அம்மா மட்டும் ஏன் எத்தனை தரம் செத்தாலும் அந்த ரோட்டாலேயே வருகிறார் என்று கேட்டானாம். சார்ஜன் மொழிபெயர்க்க, சின்னண்ணையின் கதையை இரண்டாம் தரம் சொன்னேன். வாழைக்குலை, சாக்கு, எதிர்க்காற்று, தோளில் தொடுகிற வழக்கம் எல்லாம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சொன்னது என் பிழை. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

அவன் கோப்பையை நிலத்தில் வைத்தான். பிறகு சிங்களத்தில் மெல்லிதாக ஏதோ கேட்டான். சார்ஜன் சொன்னார்: "தெரியாத ஆள் தொட்டாலும் அண்ணா திரும்பிச் சிரிப்பாரா எண்டு கேக்கிறான்."

கடகம்

கடைசிச் சோதினை நாள். இதிலே பாஸானவர்கள்தான் விமானம் ஏறலாம். வெள்ளைக்காரர் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரம் இருந்தார். என் கடகத்தைத் துணியால் மூடி, கட்டித் தந்தார்கள். வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. கல் வைத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பஞ்சை அடைத்து, நடந்தேன். எதிரே சமனின் பகுதி. சமன் வாயைத் திறந்து மூடுகிறான், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். துவக்கைக் காட்டுகிறான். வானத்துக்கு ஒரு வெடி, பஞ்சுக்குள்ளால் கதவு அடிபட்டது போலக் கேட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நமச்சிவாய, நமச்சிவாய. இனிக் கொடி தூக்குவார்கள்.

கொடி வரவில்லை. தோளில் ஒரு கை பட்டது.

திரும்பிப் பார்த்தேன். சமன் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மற்ற நாலு பேர். சின்னண்ணை மாதிரிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். வாய் கோணிக்கொண்டு போனதே தவிரச் சிரிப்பு வரவில்லை. கடகத்தை அவன் மெல்லத் தூக்கி இறக்கி வைத்தான். அப்போதுதான் விசில் ஊதியது. வெள்ளைக்காரர் வந்து துணியைக் கழற்றினார். உள்ளே சிவப்பு மை பூசின ஒரு மரக்கட்டை, இரண்டு வயரும் சுற்றி. குண்டு என்று கருத்து. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் தலையில் இருந்தது இன்னதென்று எனக்கே தெரியாது. சின்னண்ணையின் சாக்கு மூட்டையைப் பார்த்தவனும் இதைத்தான் பார்த்திருப்பானோ என்று என் சீவியத்தில் முதல் தரம் அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததை நான் இன்னும் சின்னண்ணையின் படத்துக்குச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டே போனார். நான் நடு ரோட்டில், படுப்பதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். சார்ஜன் வந்து கடகத்தை எடுத்தார்: "நீங்க போகலாம் அம்மா. இண்டைக்கு நீங்க உயிர். செத்தது அவங்க அஞ்சு பேரும்."

பாடமாக்கின வசனம்

மற்ற நாலு பேருக்கும் திருப்பிச் சோதினை வைத்துப் பாஸாக்கினார்கள். சமனின் பெயரை வெட்டிவிட்டார்கள். பொறுப்பாக நின்றவன் அவன்தானே. நான் சார்ஜனைப் பிடித்து மன்றாடினேன். அது என்னுடைய பிழை, நான் வீட்டுக் கதையைச் சொன்னதால் வந்த வினை, பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ, நானே காலில் விழுகிறேன் என்றேன். சார்ஜன் முடியாது என்று தலையை ஆட்டினார். கீரிமலைக்குப் போய்த் தலை முழுகி, சின்னண்ணைக்காக ஒவ்வொரு வருசமும் ஏற்றுகிற விளக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஏற்றிவிட்டு வந்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

அவன் போகிற அன்று, நாங்கள் லொறியில் ஏறிக்கொண்டிருக்க, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "என்னாலைதான் தம்பி" என்றேன். விளங்கியிருக்காது. அவனுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வசனம். அதை நன்றாகத் திருத்திப் பாடமாக்கியிருந்தான் போல. அன்றைக்கு ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை: "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்."

பரமேஸ் லொறியில் இருந்தபடி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

புது வரி

அடுத்த பகுதி ஆக்கள் வந்துவிட்டார்கள். அட்டையும் புதிது, மணம் மாறாத மட்டை. சார்ஜன் என்னைத் தேடி வந்து, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தனக்கே தெரியாத முகத்தோடு, "அம்மா கேட்டீங்களே, உங்கட அண்ணா விசயத்தால ஒரு வரி கூட்டியிருக்கு" என்றார். எனக்குக் கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன. இத்தனை நாள் செத்ததற்குப் பலன் கிடைத்தது, என் அப்பனே என்று நினைத்தேன். வாசித்துச் சொல்லச் சொன்னேன். அவர் விரலை வைத்து, மெல்ல, சொல் சொல்லாக வாசித்தார்: "சொல்லுக்கு நிற்காத ஆளுக்குக் கிட்டப் போகக்கூடாது. தொடக்கூடாது."

பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு இன்றைக்கும் அந்த ரோட்டால் நடந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். முன்னம் சும்மா செய்த வேலைக்கு இப்போது மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல் தருகிறார்கள் என்பதைத் தவிர, சனமாகப் பிறந்தவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு முன்னேற்றம் ஒன்றையும் நான் காணவில்லை.